பேரன் என்றால் பெயரன்: தீபாவளிப் படையலும் மறந்துபோன பெயர்களும்

(தீபாவளியையொட்டி நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளியைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் நரகாசுரனில் தொடங்குவார்கள். நான் அதற்கு முந்தைய நாள் மாலையில் தொடங்க விரும்புகிறேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏராளமான தமிழ் வீடுகளில் அன்று மாலை படையல் போடுகிறோம். மறைந்த தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா ஆகியோரின் படங்களைத் துடைத்து, மாலை போட்டு, விளக்கேற்றி, தலைவாழை இலை விரிக்கிறோம். ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழிக் குழம்பு, முறுக்கு, அதிரசம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைக்கிறோம். தாத்தாவுக்குச் சுருட்டுப் பிடிக்கும் என்றால் சுருட்டு, கள் பிடிக்கும் என்றால் ஒரு குவளை கள். புது வேட்டியும் சேலையும் இலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஊரில் எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்று மாலைக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

அந்தப் படையலின் முன் நிற்கும் ஒவ்வொருவரையும் ஒன்று கேட்கிறேன். கைகூப்பி நிற்கும்போது எத்தனை பேருடைய பெயரை உங்களால் சொல்ல முடியும்? அப்பாவின் பெயர் தெரியும். தாத்தாவின் பெயர் தெரியும். தாத்தாவின் தந்தை? அவரோடு வந்த அவர் மனைவி? அவர்கள் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள்? பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். தாத்தாவின் தந்தையைப் பூட்டன் என்றும், பூட்டனின் தந்தையை ஓட்டன் என்றும் சொல்ல நம் மொழியில் சொற்கள் இருக்கின்றன. சொல் இருக்கிறது, அந்தச் சொல்லுக்கு உரியவரின் பெயர்தான் நம்மிடம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முன்னோருக்கு முதலிடம்

முன்னோரை நினைப்பது தமிழருக்குப் புதிய பழக்கம் அல்ல. போரில் வீழ்ந்தவனின் பெயரையும் புகழையும் கல்லில் பொறித்து நடுகல் நட்டு வழிபட்டதைச் சங்க இலக்கியம் பேசுகிறது. திருக்குறளில் இல்வாழ்க்கை அதிகாரம், குடும்பம் நடத்துகிறவன் பேண வேண்டிய ஐவரைச் சொல்கிறது. அதில் முதலிடம் தென்புலத்தாருக்கு, அதாவது மறைந்த முன்னோருக்கு. அதே வரிசையில் சுற்றத்தாருக்கும் இடம் உண்டு. முன்னோரும் உற்றாரும் ஒரே வரிசையில் வருவது தற்செயல் அல்ல என்றே நான் கருதுகிறேன். உறவுகள் கூடுகிற இடத்தில்தான் முன்னோர் நினைவு உயிரோடு இருக்கும்.

தமிழகத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை ஆகியவை முன்னோருக்கு உரிய நாட்கள். இறந்த திதி தெரிந்தவர்களுக்கு ஆண்டுதோறும் அந்தத் திதியில் திவசம் கொடுப்பார்கள். தீபாவளியும் ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருவதால், அங்கேயும் சில குடும்பங்களில் அன்று முன்னோருக்குப் படைப்பது உண்டு. ஆனால் இந்த மண்ணில் தீபாவளிக்கு முதல் நாள் படையல் இவ்வளவு வேரூன்றியதற்குத் தோட்ட வாழ்க்கையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்தில் நாட்கூலி. விடியற்காலை பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திதி பார்த்து வேலைக்குப் போகாமல் இருக்க யாரால் முடியும்? ஆகவே எல்லோரும் வீட்டில் இருக்கும் பெருநாளோடு எல்லா முன்னோரையும் சேர்த்து நினைத்தார்கள். பண்டிகை நாள் நினைவு நாளாகவும் ஆயிற்று.

கிறிஸ்துவத் தமிழ்க் குடும்பங்களும் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் கல்லறைகளைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. சமயம் வேறானாலும் உணர்வு ஒன்றுதான்.

கப்பலில் வந்த ஊர்

நம் முன்னோரில் பெரும்பாலோர் எப்படி வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் உண்டு. அந்த ஒப்பந்த முறை 1910இல் கைவிடப்பட்டது. அதற்குள் ரப்பர் பெரும் பயிராகிவிட்டது. ரப்பருக்கு ஆள் சேர்த்தது முக்கியமாகக் கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரையே உரிமம் கொடுத்துத் தம் சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். அவர் தம் உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு வருவார். அவர் திரட்டிய ஆட்களின் கணக்குப்படி அவருக்குத் தலைக்காசு கிடைக்கும்.

திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, இராமநாதபுரம் என்று சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, சென்னையிலோ நாகையிலோ கப்பல் ஏறினார்கள். பினாங்கு, இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகியவை அவர்கள் இறங்கிய துறைமுகங்கள். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்கு அருகே செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்பு முகாம்கள் இருந்தன. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1970களின் முற்பகுதி வரை அது ஓடியது. அதற்குப் பிறகு 'சிதம்பரம்' வந்தது. 1985இல் ஏற்பட்ட தீ விபத்தோடு அதன் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது.

கங்காணி முறை சுரண்டல் மிகுந்தது. கடனையும் அச்சத்தையும் காட்டி ஆட்களைக் கட்டிப்போட்டது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு எதிர்பாராத ஒரு விளைவு இருந்தது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் குடியேறினார்கள். ஊரே இடம்பெயர்ந்து வந்ததுபோல் ஆயிற்று. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால் பதில் சொல்ல லயத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். இன்னாருடைய பேத்தி, இந்தக் கிராமம், இந்தக் கப்பலில் வந்தவர்கள் என்று சொல்லிவிடுவார்கள். எழுதத் தெரியாதவர்களின் வரலாறு எழுதத் தெரியாதவர்களாலேயே காப்பாற்றப்பட்டது. தோட்டம்தான் அவர்களின் பதிவேடு.

மூன்று முறிவுகள்

அந்தப் பதிவேட்டில் மூன்று முறை பக்கங்கள் கிழிந்தன.

முதலாவது, 1930களின் பொருளாதார மந்தம். ரப்பர் விலை சரிந்ததும் லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. பிறகு 1938இல், தோட்ட வேலைக்கு உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. ஊரிலிருந்து புதிதாக வந்து, "உன் பெரியப்பாவுக்கு இப்படி ஆயிற்று" என்று சேதி சொல்லும் வழி குறுகியது.

இரண்டாவது, ஜப்பானியர் காலம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்–பர்மா ரயில்பாதை சுமார் 415 கிலோமீட்டர் நீளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். வேலை, கூலி என்று ஆசைகாட்டிச் சிலர், கட்டாயப்படுத்திப் பலர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்றன. அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அது முறையானதுதான். ஆனால் அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படித் தனித்தனியே பெயர் சொல்லும் கல்லறைகள் இல்லை. நம் வீடுகளில் "சயாமுக்குப் போனவர் திரும்பி வரவில்லை" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும் முன்னோர் எத்தனை பேர்! அவர்கள் இறந்த நாள் தெரியாது, இடம் தெரியாது, பலருக்குப் படமும் கிடையாது. அவர்களுக்குத் திதி கொடுப்பது எப்படி? திதி தெரியாதவர்களுக்கு என்று மரபு மகாளய அமாவாசையை வைத்திருக்கிறது. நம் வீடுகளில் தீபாவளிப் படையலில் அவர்களுக்கும் ஓர் இலை விழுகிறது.

மூன்றாவது முறிவு ஓசையில்லாமல் நடந்தது. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சிக்கலால் குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் இந்தியா திரும்பினார்கள். பின்னர் வந்த பத்தாண்டுகளில் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயத்துச் சனங்கள் நாலா திசையிலும் சிதறிப் பட்டணங்களுக்குப் போனார்கள். சிங்கப்பூரிலும் இதற்கு இணையான மாற்றம் நடந்தது. துறைமுகக் குடியிருப்புகளிலும், செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டியும், கம்பங்களிலும் கூடி வாழ்ந்தவர்கள் 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து சென்றார்கள். 1965க்குப் பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் மாமா என்று உறவுகள் இரண்டு நாடாயின.

வீட்டு வசதி பெருகியது, படிப்பு பெருகியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும் குரல் அதோடு நின்றுபோயிற்று. எஞ்சியிருப்பது ஆண்டுக்கு ஒருமுறை குடும்பம் கூடும் அந்த ஒரு மாலைதான்.

பெயரைச் சுமந்தவன் பேரன்

தமிழில் பேரன், பேத்தி என்ற சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். குடும்பப் பெயர் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாத நாம், தலைமுறை விட்டுத் தலைமுறை பெயரை மீண்டும் வைப்பதன் மூலம் நினைவைக் காத்தோம். இன்று அந்த வழக்கம் அருகிவிட்டது. பாட்டனின் பெயர் பழையதாகத் தோன்றுகிறது. எண் சாத்திரம் பார்த்துப் புதுப் பெயர் வைக்கிறோம். வைக்கலாம், தவறில்லை. ஆனால் அடையாள அட்டையில் நம் பெயருக்குப் பின் தந்தையின் பெயர் மட்டுமே வருகிறது. அதற்கு மேல் எங்கேயும் எழுத்தில் இல்லை. இரண்டே தலைமுறையில் ஒரு மனிதர் அடியோடு மறைந்துவிடுகிறார். பெண்களின் நிலை இன்னும் மோசம். பால்மரம் வெட்டிப் பிள்ளைகளையும் வளர்த்த பூட்டியின் பெயர், ஆவணங்களில் தந்தை வழியே கணக்கு வைக்கும் வழக்கத்தால் முதலில் தொலைந்துவிடுகிறது.

நம்மோடு வாழும் சீனர்களைப் பாருங்கள். அவர்களும் கப்பலில் வந்தவர்கள்தான், அவர்களிலும் கூலிகளாக வந்தவர்கள் ஏராளம். ஆனால் குடும்பப் பெயர், பல குடும்பங்களில் ஒரே தலைமுறையினர் பகிர்ந்துகொள்ளும் தலைமுறைப் பெயர், வீட்டில் முன்னோர் பலகை, குலச் சங்கங்கள், வம்சாவளி ஏடுகள் என்று நினைவுக்குப் பல தூண்களை நட்டு வைத்தார்கள். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வரும் செங் மெங் நாளில் குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்குகிறார்கள். அவர்களைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதி வைத்தால் நிற்கும் என்ற ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மறந்ததும் மறக்க விரும்பியதும்

இங்கே சிலர் ஒரு மறுப்பைச் சொல்வார்கள். "பழைய ஊரைத் தோண்டினால் சாதிதான் வெளியே வரும். கூலிக்கு வந்தவர்கள் என்ற பேச்சும் வரும். இதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்பார்கள். இதை ஒதுக்கிவிடக் கூடாது. இதில் நியாயம் இருக்கிறது. பெரியார் 1929இலும் 1954இலும் இங்கே வந்தார். அவர் வருகைக்குப் பிறகு சுயமரியாதைக் கருத்துகள் மலாயாத் தமிழர்களிடையே வேகமாகப் பரவின. பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டத்தை வேண்டுமென்றே விட்டவர்கள் நம் பாட்டன்மார்களில் உண்டு. அவர்கள் அதை மறக்கவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருக்க முடிவு செய்தார்கள். அந்த முடிவும் நமக்கு அவர்கள் விட்டுச்சென்ற சொத்துதான். அதை மதிக்க வேண்டும்.

ஆகவே பாட்டியிடம் ஊரைக் கேளுங்கள், பெயரைக் கேளுங்கள், பட்ட பாட்டைக் கேளுங்கள். சாதியைக் கேட்க வேண்டியதில்லை. குடும்ப ஏட்டில் அதற்கு ஒரு கட்டம் போட வேண்டியதும் இல்லை. கூலி என்ற சொல்லுக்குக் கூச்சப்பட வேண்டியது அந்தச் சொல்லால் அழைத்தவர்கள், உழைத்தவர்கள் அல்ல. காடழித்து, ரயில் பாதையும் சாலையும் போட்டு, இரண்டு நாட்டுச் செல்வத்துக்கும் அடித்தளம் இட்டவர்களின் பெயரைச் சொல்ல நமக்கு என்ன வெட்கம்?

இந்தத் தீபாவளிக்குச் செய்யக்கூடியவை

நிறைவாகச் சில எளிய செயல்களைச் சொல்லி அமைகிறேன்.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, வீட்டிலேயே மூத்தவரை நடுவில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அவருடைய அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியின் பெயர்கள், முதலில் வேலை செய்த தோட்டம், அங்கிருந்த கோயில், படித்த தமிழ்ப்பள்ளி, ஊருக்குப் பணம் அனுப்பிய முகவரி ஆகியவற்றைக் கேளுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்றும் இருந்திருக்கும். இரண்டையும் குறியுங்கள்.

பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், குடியுரிமைத் தாள், 1948இல் தொடங்கிய பழைய அடையாள அட்டைகள், கடப்பிதழ், மலேசியாவில் 1951 முதலும் சிங்கப்பூரில் 1955 முதலும் உள்ள சேமநிதிக் கணக்குத் தாள்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாமே சான்றுகள். கடித உறையின் பின்புறத்தில் இருக்கும் தபால் நிலையப் பெயர் சில சமயம் கிராமத்தையே காட்டிக்கொடுக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாவட்டப் பெயர் கிடைத்தால் அது பழைய எல்லை என்பதை நினைவில் வையுங்கள். அன்றைய வட ஆர்க்காடு இன்று வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்திருக்கிறது. அன்றைய தஞ்சாவூரில் இன்றைய திருவாரூரும் நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும் அடங்கும். அன்றைய சேலத்தில் நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் உண்டு. இது தெரியாமல் தவறான மாவட்டத்தில் கிராமத்தைத் தேடி அலைய நேரிடும்.

வீட்டுக்கு வரும் எல்லோரையும் அங்கிள், ஆன்ட்டி என்று அழைக்கும் பிள்ளைகளுக்கு, இவர் பெரியப்பா, இவர் சின்னம்மா, இவர் அத்தை, இவர் தாய்மாமா என்று முறை சொல்லிக் கொடுங்கள். முறை சொல்லி அழைக்கும்போதே குடும்ப மரத்தின் கிளை எது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். அங்கிள் என்ற சொல்லில் அந்தக் கிளை தெரியாது.

சேகரித்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி, நான்கைந்து படிகள் எடுத்து, அடுத்த தீபாவளிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் பலகாரத்தோடு ஒன்று கொடுங்கள். ஒரு வீட்டில் தொலைந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்யும் பணி 1979 முதல் நடந்து வருகிறது. மலேசியாவிலும் தேசிய ஆவணக் காப்பகம் உண்டு. ஆனால் நம் பாட்டியின் கதையைக் கேட்க வேண்டிய முதல் ஆள் அவருடைய பேரப்பிள்ளைதான்.

நேயர்களே, கப்பல் ஏறிய தலைமுறையில் இன்று நம்மிடையே இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்கள் மடியில் வளர்ந்து, அவர்கள் வாயால் கதை கேட்டவர்கள்தான் இப்போது நம் வீடுகளில் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். அந்தக் கடைசிக் கண்ணியும் அறுந்துவிட்டால் பிறகு எந்தப் பத்திரத்தைத் தேடியும் பயனில்லை. இந்த ஆண்டுப் படையலில் இலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வையுங்கள். தெரிந்த பெயர்களை எழுதி, சத்தமாகப் படியுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவருக்கு, பெயர் தெரியாவிட்டாலும், ஒரு வரி விடுங்கள். அடுத்த ஆண்டு யாராவது அந்த வரியை நிரப்பக்கூடும்.

அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.